ஒரு மணி நேரம் முன்னால் பாடிய பறவைகள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்குப் பென்குயின் அக்கா என்று பெயர் வந்ததற்கு அவளுடைய மடிக்கணினிதான் காரணம். அதன் மூடியில் ஒரு குண்டுப் பென்குயின் ஒட்டியிருந்தது. லினக்ஸ் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சின்னம் அது என்று கடையில் எல்லோருக்கும் ஒரு முறையாவது விளக்கியிருந்தாள், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும்.

வயது நாற்பத்தேழு. கம்ப்யூட்டரை அவள் எங்கும் படித்ததில்லை. பழுதான ஒன்றைப் பிரித்துப் பார்த்ததில் தொடங்கிய பைத்தியம் அது. வீட்டில் சாமான் வைப்பதற்கென்று கட்டிய சின்ன அறையில் இப்போது ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றில் ஐந்து, பிறர் வேண்டாம் என்று தூக்கிப் போட்டவை. தெருவில் யாராவது ஒன்றைக் கழிக்கப்போகிறார்கள் என்றால் குப்பை வண்டிக்கு முன்னால் அவளுக்குத் தகவல் வந்துவிடும். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். “ஊருக்கே ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தரேன், இந்த ரூமுக்குள்ள எனக்கு நேரா போகவே இடமில்ல” என்பார்.

ஞாயிறுதோறும் காலையில் அவள் இணையத்தில் தன் பக்கத்தில் நாலு வரி எழுதுவாள். பக்கத்தின் பெயர் ‘சும்மா ஒரு கருத்து’. முந்நூற்றுச் சொச்சம் பேர் படித்தார்கள். தயக்கம் என்பது அந்தப் பக்கத்தில் மருந்துக்கும் இருக்காது. ‘ஆபரேட்டிங் சிஸ்டம் சமையல் மேடை மாதிரி. அதைப் பற்றி நினைப்பே வரக்கூடாது. வந்தால் மேடை கோணல்’ என்று ஒரு வாரம். ‘எரர் மெசேஜைப் படிக்காமல் ஓகே அழுத்துகிறவர்களுக்கு நான் எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டுக் கொடுத்தாலும் வீண்’ என்று இன்னொரு வாரம். மனிதர்போலப் பேசும் புதுச் செயலிகளைப் பற்றிக் கேட்டவருக்கு, ‘தெரியாது என்று சொல்லத் தெரியாத எதையும் நான் நம்புவதில்லை, மென்பொருளானாலும் மைத்துனரானாலும்’ என்று பதில் போட்டிருந்தாள். விஞ்ஞானத்தையும் விட்டுவைக்கவில்லை. ‘தன்னைத்தானே சந்தேகப்படுவது விஞ்ஞானம். அடுத்தவரைச் சந்தேகப்படுவதற்குப் பெயர் வம்பு.’

இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அவளுடைய நாத்தனார் போன் செய்து சிரித்தாள். கணவரின் தங்கை அவள். ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பறவைகளின் குரலைப் பதிவு செய்து படிப்பவள்.

“அண்ணி, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா உங்க பக்கத்துல ஒரு இடத்துலயாவது ஒரு அளவு, ஒரு எண்ணிக்கை இருக்கா?”

“நீ அளக்கறே, நான் சொல்றேன். ஆளுக்குப் பாதி வேலை.”

“அளக்காம சொன்னா யாரு நம்புவா?”

“முந்நூத்தி இருபது பேரு.”

இப்படித்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள். பாசம் உண்டு, விட்டுக்கொடுத்தல் கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் வருடத்திலிருந்து அப்படித்தான்.

நாத்தனார் மூன்று வருடங்களாக ஒரே ஆராய்ச்சியில் இருந்தாள். நகரத்துக்கு வெளியே, காட்டின் ஓரத்தில் புதிதாக ஒரு கல்குவாரி திறந்திருந்தார்கள். காலை ஏழு மணிக்குக் கல் அரைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கும். அந்தச் சத்தம் பறவைகளை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. காட்டுக்குள் ஒரு மரக்குடில் போட்டு, கூரையில் மைக்குகள் வைத்து, உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டரில் தினமும் விடியற்காலை ஒலியைப் பதிவு செய்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரைத் தயார் செய்து கொடுத்தவள் பென்குயின் அக்காதான். அதில் ஏற்கெனவே விண்டோஸ் இருந்தது. அதை அவள் ஜன்னல் என்றுதான் சொல்வாள். நிலையத்தின் அளவைக் கருவி ஜன்னலில்தான் ஓடும் என்று நாத்தனார் பிடிவாதம் பிடித்தாள். சரி, அதுவும் இருக்கட்டும் என்று பக்கத்திலேயே லினக்ஸையும் ஏற்றிக் கொடுத்தாள் இவள். சுவிட்சைப் போட்டால் எது வேண்டும் என்று கேட்கும். பத்து விநாடிக்குள் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் தானாக லினக்ஸில் திறக்கும். அது அவளுடைய ஏற்பாடு. பதிவு செய்யும் மென்பொருள் இரண்டிலும் ஓடும் என்பதால் யாருக்கும் சிரமமில்லை.

ஆராய்ச்சியின் முடிவு எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. குவாரி ஓடும் நாள்களில் பறவைகள், விடுமுறை நாள்களைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே பாடத் தொடங்கின. இயந்திரம் இரைவதற்குள் பாடி முடித்துவிட வேண்டும் என்று சீக்கிரமே எழுந்துகொள்வதுபோல. பத்திரிகைகள் ‘அலாரம் வைக்கும் பறவைகள்’ என்று தலைப்புப் போட்டன. நாத்தனார் வானொலியில் பேசினாள். குவாரியின் நேரத்தை முடிவு செய்ய மாவட்ட நிர்வாகம் ஒரு குழு அமைத்து, அவளைச் சாட்சி சொல்ல அழைத்தது. காலை ஒன்பதுக்கு முன்னால் இயந்திரத்தை ஓட்டக்கூடாது என்று கேட்கப்போகிறாள்.

குழு கூடுவதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது குடிலில் இருந்த கம்ப்யூட்டர் நின்றுபோனது.

நாத்தனாரிடம் அளவுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் மூலப் பதிவுகள், வெட்டாத கழுவாத முழு ஒலிக் கோப்புகள், அந்த ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருந்தன. குவாரியின் வக்கீல் அவற்றைக் கேட்டு எழுதியிருந்தார். நிலையத்தின் கணினிப் பிரிவு இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, டிஸ்க் செத்துவிட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தது.

நாத்தனார் டிஸ்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராகக் கண்ணாடிக் கடைக்கு வந்தாள். பென்குயின் அக்கா லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தாள்.

“செத்துடுச்சுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க அண்ணி.”

“எழுதினவங்க நாடி பார்த்தாங்களா? விடு, நான் பார்த்துக்கறேன்.”

“முடியுமா?”

“முடியாதுன்னா வாங்கியிருக்கவே மாட்டேன்.”

நாத்தனார் அந்த நம்பிக்கையைக் கேட்டுப் பாதி எரிச்சலும் பாதி நிம்மதியுமாகக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் வார விடுமுறை. அதோடு சேர்த்து இன்னும் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா வேலையை ஆரம்பித்தாள். டிஸ்கை லினக்ஸ் ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் மாட்டியதும் டிக் டிக் என்றது. சத்தம் வந்ததே அவளுக்கு நல்ல சகுனம். செத்தது சத்தம் போடாது. இதற்கென்றே ஒரு நிரல் வைத்திருந்தாள். கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், நல்லதையெல்லாம் முதலில் நகலெடுத்துவிட்டுப் பிறகு திரும்பி வந்து, கெட்டதை மறுபடி மறுபடி கெஞ்சிக் கேட்கும். டிஸ்க் சூடேறக்கூடாது என்று மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். கணவர் வேர்க்க விறுவிறுக்க வந்து, “எனக்கில்லாத காத்தா?” என்றார். “நீங்க சூடானா ஆறிடுவீங்க” என்றாள்.

இரண்டரை நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு வந்துவிட்டது. நாத்தனாருக்குப் போன் செய்து சொன்னாள். “அண்ணி, உங்களுக்கு என்ன செய்யறதுன்னே தெரியல” என்றாள்.

“ஒண்ணும் செய்ய வேணாம். கணினிப் பிரிவு குடுத்த தாளை மட்டும் எனக்குக் குடு. கடையில ஒட்டி வைக்கணும்.”

கோப்புகள் முழுசாக வந்திருக்கின்றனவா என்று பார்க்க, அங்கொன்று இங்கொன்றாக ஓட விட்டுக் கேட்டாள். ஒரே வாரத்துப் பதிவுகளை வரிசையாக எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பதிவு தொடங்கிய நாளும் மணியும் இருந்தன. திங்கள்கிழமைப் பதிவில் ஐந்து நாற்பதுக்கு முதல் பறவை கூவியது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. ஆறு இருபதுக்குத் தூரத்தில் ஒரு ரயில் நீளமாக ஊதிக்கொண்டு பாலத்தைக் கடந்தது. செவ்வாயும் அதே கதை, ரயிலும் அதே ஆறு இருபது. ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் முதல் பறவை ஆறு நாற்பதுக்கு. நாத்தனார் சொன்னது அப்படியே சரி, ஒரு மணி நேரம் பின்னால். ரயில் ஏழு இருபதுக்கு ஊதியது.

ஞாயிறு என்றால் ரயில் நேரம் மாறும்போல என்று நினைத்துக்கொண்டு அடுத்த கோப்புக்குப் போனாள். அது இன்னொரு விடுமுறை நாள். அதிலும் பறவை ஆறு நாற்பது, ரயில் ஏழு இருபது.

கையை மவுஸிலிருந்து எடுத்தாள். முதல் பறவைக்கும் ரயிலுக்கும் இடையே எல்லா நாளும் நாற்பது நிமிடம். பறவைக்கு விடுமுறை தெரியலாம். ரயிலுக்கும் தெரியலாம். இரண்டும் சொல்லி வைத்தாற்போல ஒரே அளவு தாமதிக்குமா?

ரயில் நிலையத்துக்குப் போன் போட்டாள். விசாரணைப் பிரிவில் இருந்தவர் சாவகாசமாகப் பேசினார்.

“காலையில பாலத்தைத் தாண்டற அந்த வண்டியா? பால் வண்டிம்மா அது. ஆறு இருபது.”

“ஞாயித்துக்கிழமை?”

“ஆறு இருபதுதான்.”

“மத்த லீவு நாள்ல?”

“பசு மாடு லீவு போடுதா? எல்லா நாளும் ஆறு இருபதுதாம்மா. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து மாறல.”

போனை வைத்தபோதே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை உறுதிப்படுத்திக்கொள்ளக் கோப்புகளைத் திறந்து பார்த்தாள். பதிவு செய்யும் மென்பொருள், தான் எந்தச் சிஸ்டத்தில் ஓடியது என்பதை ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் குறித்துவைத்திருந்தது. வேலை நாள்கள் எல்லாம் ஜன்னல். விடுமுறை நாள்கள் எல்லாம் லினக்ஸ்.

கம்ப்யூட்டருக்குள் பொத்தான் அளவு பேட்டரியில் ஓடும் ஒரு கடிகாரம் உண்டு. ஜன்னல் அதில் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸோ, அதில் இருப்பது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, அதைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும் அந்த நாட்டின் நேரத்துக்காக ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்தால், இதில் இருப்பது உள்ளூர் நேரம்தான் என்று லினக்ஸிடம் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு வரி. தன் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் சொல்லியிருந்தாள். இணையம் இருந்தால் கடிகாரம் தானாகவே சரியாகிக்கொள்ளும். காட்டுக் குடிலில் இணையம் கிடையாது. தயார் செய்து கொடுத்த அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று நாத்தனாருக்குப் பெருமையாகக் காட்டிய நினைவு இருந்தது. அந்த ஒரு வரியை எழுதிய நினைவு இல்லை.

குடிலின் காவலருக்குப் போன் செய்தாள்.

“லீவு நாள்ல கம்ப்யூட்டரை யாருண்ணா போடுவாங்க?”

“நான்தாம்மா. மத்த நாள்ல உங்க நாத்தனார்கிட்ட வேலை செய்யற பொண்ணு வந்து எதையோ தேர்ந்தெடுத்துப் போடும். எனக்கு அதெல்லாம் தெரியாது. சுவிட்சைப் போட்டுட்டு வெளிய வந்துடுவேன். அதுவா திறந்துக்கும்.”

“அதுல மணி தப்பா காட்டுமா?”

“ஆமா, ஒரு மணி நேரம் கூடக் காட்டும்.”

“யார்கிட்டயும் சொல்லலியா?”

“யாரும் கேக்கலியே. எனக்குக் கையில வாட்ச் இருக்கு.”

பறவைகள் எந்த நாளும் சீக்கிரம் எழுந்திருக்கவில்லை. மூன்று வருட ஆராய்ச்சி, வானொலிப் பேச்சு, பத்திரிகைத் தலைப்பு எல்லாம் பென்குயின் அக்கா எழுத மறந்த ஒரு வரி.

அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. கணவர் பயிற்சிக் காரை நிறுத்திவிட்டு வந்தபோது சாமான் அறையில் திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் அவள் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி மேலேயே உட்கார்ந்து யோசித்தார்.

“டிஸ்க் செத்துடுச்சுன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க இல்ல? கோப்பு வந்துச்சுன்னு தங்கச்சிக்கு மட்டும்தானே தெரியும். எல்லாம் கெட்டுப் போயிருந்துச்சுன்னு சொல்லிடேன். பறவைக்கு நல்லதுதானே நடக்கப் போகுது?”

அந்த யோசனை அவர் வருவதற்கு முன்பே அவளுக்கும் வந்து போயிருந்தது. அதனால் அவர்மேல் கோபம் வரவில்லை.

“நாளைக்கு வேற ஒருத்தர் அதே காட்டுல மைக் வெச்சா? அப்ப உங்க தங்கச்சி பொய் சொன்னான்னு ஆயிடும். இப்பவே சொன்னா தப்புதான். தப்பைத் தாங்கிக்கலாம்.”

“அவ உன்னைச் சும்மா விட மாட்டா.”

“விட வேணாம். நானா இருந்தா விடுவேனா?”

மறுநாள் காலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனாள். நாத்தனாரின் அறை நிறையத் தாள்கள். சுவரில் பத்திரிகைத் தலைப்பைக் கத்தரித்து ஒட்டியிருந்தாள். குழு முன்னால் காட்டப்போகும் படங்களைத் திரையில் சரிபார்த்துக்கொண்டிருந்தவள், “வாங்க அண்ணி, வாங்க” என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அக்கா உட்காரவில்லை.

“கோப்பெல்லாம் இதுல இருக்கு. ஆனா ஒரு விஷயம் சொல்லணும், முழுசா கேட்டுட்டுத் திட்டு. அந்தக் கம்ப்யூட்டர்ல கடிகாரம் தப்பு. லீவு நாள்ல மட்டும் ஒரு மணி நேரம் கூட. நான் வெச்ச தப்பு அது.”

ரயிலிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னாள். எங்கேயும் நிறுத்தவில்லை, எதையும் மழுப்பவில்லை. திங்களையும் ஞாயிறையும் ஓட்டிக் காட்டினாள். ரயில் இரண்டு முறை ஊதியது.

நாத்தனார் இரண்டையும் மறுபடி ஓட்டிக் கேட்டாள். “இந்த ரயிலை நான் கேட்டதே இல்ல” என்றாள் கடைசியில். “இரைச்சல்னு சொல்லி வெட்டிடச் சொன்னேன். சுத்தம் செஞ்ச பதிவைத்தான் எப்பவும் கேப்பேன்.”

“நீ எப்படிக் கேட்டிருந்தாலும், கடிகாரத்தை நான் சரியா வெச்சிருந்தா…”

“இன்னும் ஏழு நாள் இருக்கு அண்ணி. ஏழே நாள்.” குரல் உயரவில்லை, அதுதான் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. “ஒவ்வொரு வாரமும் நாலு வரி எழுதறீங்க. அது சரியில்ல, இது சரியில்ல, இவனுக்குத் தெரியாது, அவனுக்குப் புரியாது. உங்க வேலையை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தீங்களா?”

“இல்ல.”

“கொஞ்சம் வெளிய இருங்க.”

நடையில் ஒரு பெஞ்சு இருந்தது. எதிரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் பண்ணி வைத்த ஆந்தை. அதன் ஒரு கண் சற்றே விலகிப் பொருத்தப்பட்டிருந்தது. எவனோ அளக்காமல் வைத்திருக்கிறான் என்று வழக்கம்போல நினைத்தவள், உடனே வாயை மூடிக்கொண்டாள், மனதுக்குள்தான் என்றாலும். கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸைத் தேய்த்து முடித்தால் மீட்டரில் வைத்து இரண்டு தடவை பார்க்காமல் வெளியே கொடுக்க மாட்டாள். ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும். அது பிழைப்பு, அதனால் பார்த்தாள். இது பிரியம், அதனால் பார்க்கவில்லை. பிரியமான வேலையில் தப்பே வராது என்று எங்கிருந்து நம்பினோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

“உள்ள வாங்க. இதைப் பாருங்க.”

நாத்தனார் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் குரல் பழைய குரலாகிவிட்டிருந்தது, அளக்கிறவளின் குரல். திரையில் இரண்டு கோடுகள்.

“எப்ப பாட ஆரம்பிச்சுதுங்கறது போச்சு. விட்டுடலாம். எவ்வளவு நேரம் பாடிச்சுங்கறது?”

அக்கா திரையைப் பார்த்தாள். வேலை நாள்களில் பாட்டு ஒரு மணி இருபது நிமிடம். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் கத்தரித்ததுபோல நின்றது. விடுமுறை நாள்களில் இரண்டரை மணி நேரம்.

“ஆரம்பத்துலயும் ஒரு மணி நேரம் தப்பு, முடிவுலயும் அதே ஒரு மணி நேரம் தப்பு” என்றாள் நாத்தனார். “கழிச்சா ரெண்டும் அடிபட்டுப் போயிடும். கடிகாரம் எப்படி இருந்தாலும் நீளம் மாறாது.”

“மாறாது” என்றாள் அக்கா. அந்த நிமிடத்தில் தன் நாத்தனார்மேல் அவளுக்கு வந்த மரியாதையை அவள் வெளியில் சொல்லவில்லை. “ஆனா நான் சொன்னேன்னு நம்பாதே. எல்லாக் கோப்பையும் ரயிலை வெச்சுச் சரிபார்ப்போம். தொள்ளாயிரத்துச் சொச்சம் இருக்கு. வெட்டாததை நான் கேக்கறேன். ரயில் மணியை எழுதித் தரேன். நீ தனியா உன் கணக்கைப் போடு. பேசிக்க வேணாம். கடைசியில ஒப்பிட்டுப் பார்ப்போம்.”

நாத்தனார் அவளை ஒரு கணம் பார்த்தாள். “இது விஞ்ஞானம் அண்ணி.”

“இருக்கட்டும். எனக்கும் கொஞ்சம் பழக்கமாகட்டும்.”

கடை முதலாளியிடம் கேட்டு மேலும் ஐந்து நாள் விடுப்பு வாங்கினாள். சுற்றியிருக்கும் சத்தம் காதில் விழாமலிருக்கப் பெரிய ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை ரயிலைத் தேடினாள். ரயில் இருக்கவேண்டிய இடத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் தாவிப்போய் அங்கிருந்து கேட்பாள். பதினேழு பதிவுகளில் மழை இரைச்சலில் ரயில் கேட்கவில்லை. அவற்றைத் தனியாக எழுதி வைத்தாள். ஊகித்து நிரப்பவில்லை. ஐந்தாம் நாள் இருவர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஜன்னலில் பதிவான எல்லாவற்றிலும் ரயில் ஆறு இருபதை ஒட்டி. லினக்ஸில் பதிவான எல்லாவற்றிலும் ஏழு இருபதை ஒட்டி. ஒன்றுகூட விலகவில்லை. கடிகாரத்தைச் சரிசெய்தபின், வேலை நாளும் விடுமுறை நாளும் பறவைகள் ஒரே நேரத்தில்தான் எழுந்தன.

நாத்தனார் முதலில் பத்திரிகைக்கும் ஆராய்ச்சி இதழுக்கும் திருத்தம் எழுதி அனுப்பினாள். பிறகு சுவரிலிருந்த தலைப்பைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டாள்.

குழு ஒரு நீள அறையில் கூடியது. தலைமை வகித்தவர் ஓய்வு பெற்ற பொறியாளர், வயதான அம்மையார், ஒவ்வொரு தாளையும் விரலால் தொட்டுப் படிக்கிறவர். ஒரு பக்கம் குவாரிக்காரர்களும் அவர்கள் வக்கீலும். பின்வரிசையில் குவாரியில் வேலை செய்யும் சிலர். நாத்தனார் எழுந்து, பறவைகள் சீக்கிரம் எழுகின்றன என்று தான் சொன்னது தவறு என்றே ஆரம்பித்தாள். அறையில் சலசலப்பு. வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப மூணு வருஷமா நீங்க சொன்னது எல்லாம் தப்பு?”

“ஒண்ணு தப்பு. அதைக் கண்டுபிடிச்சதும் நாங்கதான். உங்களுக்கு மூலப் பதிவு அனுப்பறதுக்கு முன்னாடியே திருத்தம் அனுப்பிட்டோம்.”

“கம்ப்யூட்டரையே நம்ப முடியலன்னா, மீதிக் கணக்கை நாங்க எப்படி நம்பறது?”

தலைவி அம்மையார் குறுக்கிட்டார். “அந்தக் கம்ப்யூட்டரைத் தயார் செஞ்சது யாரு? வந்திருக்காங்களா?”

பென்குயின் அக்கா எழுந்தாள். முந்நூற்று இருபது பேருக்கு எழுதுவது வேறு, நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பது வேறு.

“நான்தான்ம்மா.”

“நீங்க என்ன வேலை செய்யறீங்க?”

“கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கறேன். கம்ப்யூட்டர் என் பொழுதுபோக்கு.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார். வக்கீலும் லேசாகச் சிரித்தார். அவள் அவரைப் பார்த்தே பேசினாள்.

“தப்பு கம்ப்யூட்டருது இல்லங்க, என்னோடது. ஒரு வரி எழுத மறந்தேன். அது நான் சொன்ன மணியை அப்படியே நம்பிச்சு. மூணு வருஷமும் ஒரே மாதிரி, ஒரு நிமிஷம் கூடக் குறைய இல்லாம ஒரு மணி நேரம் தப்பாவே காட்டிச்சு. ஒரே மாதிரி தப்பு செய்யற கடிகாரத்தைத் திருத்திடலாம். நீங்க எங்களை நம்ப வேணாம். பதிவெல்லாம் உங்ககிட்ட இருக்கு, ரயில் அட்டவணை ஸ்டேஷன்ல இருக்கு. எந்த நாளை வேணா எடுங்க, ரயில் ஊதற வரைக்கும் கேளுங்க.”

தலைவி உடனே ஒரு தேதியைச் சொன்னார். வக்கீல் இன்னொன்றைச் சொன்னார். இரண்டையும் அங்கேயே ஓட்டினார்கள். அறை முழுக்கப் பறவைக் குரல் நிறைந்தது. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். சொன்ன நிமிடத்தில் ரயில் ஊதியது. வக்கீல் சொன்ன தேதி குவாரி ஓடிய நாள். ரயில் போனபின் நாற்பது நிமிடம் தள்ளி ஓட்டச் சொன்னார் அம்மையார். இயந்திரம் கடகடவென்று தொடங்கியது. பறவைகள் ஒவ்வொன்றாக நின்றன. பின்வரிசையில் சிரித்தவர், “நாங்க உள்ள இருந்துக்கிட்டு இதைக் கேட்டதே இல்லம்மா” என்றார்.

கேட்ட ஒன்பது மணி கிடைக்கவில்லை. பறவைகள் குஞ்சு பொரிக்கும் நான்கு மாதங்களுக்கு மட்டும் இயந்திரத்தை எட்டரைக்கு மேல் ஓட்டலாம், மற்ற மாதங்களில் ஏழுக்கே ஓட்டிக்கொள்ளலாம் என்று குழு முடிவு செய்தது. குவாரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் எதிர்த்து மேலே போகவில்லை. நாத்தனார் வெளியே வந்து படியில் உட்கார்ந்து, “பாதிதான் கிடைச்சுது” என்றாள். “நிக்கற பாதி” என்றாள் அக்கா, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. இருவருக்கும் நல்ல பசி. எதிரில் இருந்த கடையில் ஆளுக்கு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அந்த ஞாயிறு ‘சும்மா ஒரு கருத்து’ பக்கத்தில் நாலு வரிக்குப் பதில் நாலு பக்கம் இருந்தது. செய்த தவறு, மறந்த வரி, அதைச் சரிசெய்யும் விதம் எல்லாவற்றையும் எழுதினாள். தன்னைத் தானே கேலி செய்துகொள்ளவும் இல்லை, கண்ணீர் விடவும் இல்லை. பதினொரு பேர் தங்கள் கம்ப்யூட்டரிலும் அதே கோளாறு என்று பதில் எழுதினார்கள். ஒருவர் மட்டும் ‘இனிமேலாவது அடக்கமாக எழுதுவீர்களா?’ என்று கேட்டிருந்தார். ‘மாட்டேன். ஆனால் எழுதுவதற்கு முன் பார்த்துவிட்டு எழுதுவேன்’ என்று பதில் போட்டாள்.

சில மாதம் கழித்து நாத்தனார் புதுக் கட்டுரையை முடித்தாள். அனுப்புவதற்கு முன் போன் செய்தாள்.

“அண்ணி, உங்க பேரையும் கட்டுரை எழுதினவங்கள்ல ஒருத்தராப் போட்டிருக்கேன்.”

“எதுக்கு? ரயில் பேரைப் போடு.”

“தொள்ளாயிரம் பதிவைக் கேட்டது ரயில் இல்ல. பேருக்குக் கீழ எந்த நிறுவனம்னு போடணும். என்ன எழுதட்டும்?”

அக்கா கையிலிருந்த லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

“நான் எங்க வேலை செய்யறேனோ அதையே எழுது.”

இதழின் ஆசிரியர் குழு இரண்டு முறை கடிதம் எழுதிக் கேட்டது, இது தட்டச்சுப் பிழையா என்று. பிழையில்லை என்று இரண்டு முறையும் நாத்தனார் பதில் எழுதினாள். கட்டுரை வெளிவந்தபோது மூன்றாவது ஆசிரியரின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், ‘லென்ஸ் தேய்க்கும் பிரிவு, மூக்குக்கண்ணாடிக் கடை, பின்னறை’ என்று இருந்தது.